கடலட்டையும் தகரப்பெட்டியும்

கடலையே பார்த்திராத நான், ஒரு எரிமலைத் தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் என்னென்ன ஜீவராசிகள் வாழ்கின்றன என்று ஒன்றரை மணி நேரம் தமிழில் விளக்கியிருக்கிறேன். கேட்டவர்களும் கடலைப் பார்த்திராதவர்கள் என்பதால் யாருக்கும் சேதமில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. மூணாறிலிருந்து தேவிகுளம் போகிற வழியில் பிரிந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சரி நர்ஸாக இருந்தேன். என் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். நெல்லும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். நான் "ஏனுங்க, வாங்க" என்று பேசினால் தெக்கத்தித் தமிழ் பேசும் தோட்டத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஊசி போடும்போது மட்டும் சிரிக்க மாட்டார்கள். டிஸ்பென்சரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கட்டில், மூன்று பெரிய பாட்டில்களில் மூன்று நிறத்தில் மருந்து. டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். மழை பெய்தால் வரமாட்டார். அங்கே வருஷத்தில் எத்தனை மாதம் மழை என்று மூணாறுக்காரர்கள் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்தின் உதவி மேனேஜரைச் சின்னத்துரை என்போம். துரை என்பதால் வெள்ளைக்காரரோ என்று நினைக்கக் கூடாது. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சின்னத்துரை வடக்கத்திக்காரர், இருபத்தேழு வயது, என்னைவிடக் கறுப்பு. தமிழ் மட்டும் வெள்ளைக்காரர்களைவிட மோசம். "வா, போ, சீக்கிரம்" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் நிர்வாகம் செய்தார். இதில் "வா"வுக்கும் "போ"வுக்கும் அடிக்கடி இடம் மாறிவிடும்.

அவருடைய அக்காள் புருஷனுக்கு இந்தோனேசியாப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை. அங்கே லீவுக்குப் போனவர் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார், கூடவே ஒரு மரப்பெட்டியும் வந்தது. அதற்குள் ரப்பர் உடுப்பு, முகத்தை மூடும் கண்ணாடி, வாத்துக்கால் போல இரண்டு செருப்பு, முதுகில் கட்டிக்கொள்ளும் ஒரு இரும்பு உருளை. கொச்சித் துறைமுகத்தில் அந்த உருளையை வெடிகுண்டென்று சந்தேகப்பட்டு மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத்தான் விட்டார்களாம். தோட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் அவ்வளவுகூடப் பயப்படவில்லை.

"உள்ள என்ன இருக்கு?" என்று டிரைவரைக் கேட்டார்கள்.

"காத்து."

"காத்தா? இங்க இல்லாத காத்தா?"

தான் கண்ட அதிசயங்களைத் தொழிலாளர்களும் காண வேண்டும் என்று சின்னத்துரைக்கு ஆசை வந்துவிட்டது. துரைகளுக்கு ஆசை வந்தால் அதை மஸ்டரில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், உத்தரவாகச் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் படம் காட்டப்படும், எல்லோரும் வர வேண்டும். படம் என்றதும் சண்டை உண்டா, பாட்டு உண்டா என்று விசாரித்தார்கள். இல்லை, மீன் என்று தெரிந்ததும் ஆர்வம் வடிந்தது. டீயும் பன்னும் உண்டு என்று மறுநாள் அறிவித்தார்கள். கூடம் நிறைந்தது.

இங்கிலீஷில் சின்னத்துரை பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் பெரிய ரைட்டர். ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவை அப்படித்தான் அழைப்போம். அவருக்கு அன்று மத்தியானம் பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. நானே தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவ்வளவு ஆரோக்கியமான தொண்டையை அந்த வருஷம் முழுக்க நான் பார்க்கவில்லை. "நர்ஸுக்கு இங்கிலீஷ் வரும் சார்," என்று அந்தக் கட்டிய தொண்டையால் தெளிவாகச் சொல்லிவிட்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

ஜன்னல்களைக் கம்பளியால் மூடினார்கள். ஸ்லைடு மிஷினிலிருந்து முதல் படம் சுவரில் விழுந்தது. கடலுக்கு நடுவே ஒரு மலை, உச்சியில் புகை.

"எரிமலை," என்றேன்.

"யாரு தீ வச்சா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல். காட்டுத் தீயை அணைக்க ஓடியே பழகியவர்கள்.

"யாரும் வைக்கலைங்க. அதுவே எரியும். மலைக்குள்ளேயே நெருப்பு இருக்குது."

"அப்ப தோட்டத்துல யாரு மேலயும் பழி வராதுல்லா? நல்ல மலைதான்."

கேட்டது மூன்றாம் லயத்து அக்காள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். அந்த அக்காளுக்கு நாற்பது வயதிருக்கும், என்னைவிட ஒரு முழம் உயரம். கொழுந்து பறிப்பதிலும் வாய் பேசுவதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை.

கறுப்பு மணல் வந்தது. கடலின் தரையிலிருந்து குமிழ் குமிழாகச் சூடான காற்று கிளம்பும் படம் வந்தது. உலை கொதிக்குது என்றேன், ஏற்றுக்கொண்டார்கள். பிறகு மீன்கள். இங்கேதான் எனக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. எங்கள் ஆட்களுக்குக் கடலைத் தெரியாதே தவிர, கருவாட்டைத் தெரியும். வீடு அகலத்துக்குச் சிறகை விரித்து ஒரு பிராணி வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் பத்துப் பேர் "திருக்கை!" என்று கத்தினார்கள். உப்புப் போட்டுக் காய்ந்து சுருண்டு சந்தைக்கு வருகிற திருக்கை, உயிரோடு இருக்கும்போது பருந்து மாதிரி பறக்கும் என்று அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அக்காள் மெதுவாக, "இதையா குழம்பு வச்சோம்," என்றாள்.

அடுத்த படத்தில் மணலில் தடியாக ஏதோ கிடந்தது. சின்னத்துரை அதை வெள்ளரிக்காய் என்றார். அப்படியே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் நர்ஸ் படிப்பில் என் பக்கத்துக் கட்டில்காரி ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரி. அவள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். என் புலமையைக் காட்டாமல் இருக்க முடியுமா?

"இது கடலட்டை," என்றேன்.

கூடம் எழுந்து நின்றுவிட்டது. அட்டை என்றால் என்னவென்று அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் முழுக்கக் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு கொழுந்துக் காட்டில் இறங்குகிறவர்கள். ஈர்க்குச்சி அளவு அட்டையே அந்தக் குடி குடித்தால், முழங்கைத் தண்டி அட்டை என்ன செய்யும்? ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. "அது கடிக்காதுங்க, மண்ணைத்தான் தின்னும்," என்று நான் கத்தியதை யாரும் நம்பவில்லை.

"ஏன் எழுந்து நிற்கிறார்கள்?" என்று சின்னத்துரை கேட்டார்.

"மரியாதைக்காக," என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோய் அடுத்த படத்துக்குப் போனார். பூ மாதிரி விரிந்த ஒரு விஷப் பிராணி. அதன் கைகளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மீன். மற்ற எந்த மீன் பக்கத்தில் போனாலும் அந்தப் பிராணி கொட்டிக் கொன்றுவிடும். இந்த மீனை மட்டும் ஒன்றும் செய்யாது. இது அதற்குள்ளேயே சொகுசாக வாழும் என்று விளக்கினேன். அக்காள் சொன்னாள்: "நம்ம பெரிய ரைட்டரு மாதிரின்னு சொல்லுங்க."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். பெரிய ரைட்டர் தொண்டையைச் செருமினார். சின்னத்துரை என்னைப் பார்த்தார். "நிறம் அழகாக இருக்கிறதாம்," என்றேன்.

கடைசியில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அக்காள் எழுந்தாள். "தண்ணிக்குள்ள போறதுக்கு அய்யா இம்புட்டுச் சாமான் மாட்டிக்கிடுதாக. ஆனி ஆடியில எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணிதான். நாங்க ஒரு உடுப்பும் இல்லாம உள்ள கெடக்கோம். மூணு வருசமா கூரைக்கு மனு கொடுக்கேன். கூரை வேண்டாம், அந்த உடுப்புல நாலு கொடுத்தாப் போதும்னு கேட்டுச் சொல்லுங்க, நர்ஸம்மா."

அன்று சாயங்காலம் முழுக்க ஒரு சொல் மாறாமல் நான் மொழிபெயர்த்தது இதை மட்டும்தான். சின்னத்துரை முகம் சிவந்து பெரிய ரைட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லா மனுவும் மேலே போயாச்சு சார்," என்றார் பெரிய ரைட்டர். தொண்டை சரியாகியிருந்தது.

அடுத்த மாதம் ஜனவரி. தேயிலைச் செடி மேல் காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் மாதம். தோட்டத்துக் குளத்திலிருந்து பேக்டரிக்குத் தண்ணீர் போகிற குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டது. குழாயின் வாய் குளத்துக்கடியில் இருபதடி ஆழத்தில், ஒரு கம்பி வலைக்குப் பின்னால் இருந்தது. குளத்தை வடிக்கலாம் என்றார் இஞ்சினியர். மேனேஜரான பெரியதுரை கூடாது என்றார். அவர் தூண்டில் போட வளர்க்கும் மீன்கள் அதில் இருந்தன. பேக்டரி நின்றாலும் பரவாயில்லை, மீன் சாகக் கூடாது.

"நான் இறங்குகிறேன்," என்றார் சின்னத்துரை. எரிமலைக் கடலையே பார்த்தவருக்கு இந்தக் குளம் எம்மாத்திரம்!

காலை பத்து மணிக்குக் குளக்கரையில் திருவிழாக் கூட்டம். நான் முதலுதவிப் பெட்டியோடு முன்னால் நின்றேன். சின்னத்துரை உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அது வெந்நீர் மாதிரி இருக்கும் கடலுக்குத் தைத்த உடுப்பு. கை முட்டிவரை, கால் முட்டிவரை. "குளிருமே சார்," என்றேன். "ரப்பர்," என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

அவர் இடுப்பில் ஒரு கயிறு. இன்னொரு கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார், அடைப்பைக் கட்டி இழுக்க. இடுப்புக் கயிற்றை ஆண்கள் பிடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆலோசனை சொல்வதில் மும்முரமாக இருந்தார்கள். எனவே அக்காளும் இன்னும் மூன்று பெண்களும் பிடித்தார்கள். ஒருமுறை அசைத்தால் நலம், இருமுறை அசைத்தால் கயிற்றைத் தளர்த்து, மூன்று முறை என்றால் தூக்கு. இதை நான் மூன்று தடவை தமிழில் சொன்னேன்.

அவர் மூழ்கினார். குமிழிகள் வந்தன. கயிறு ஒருமுறை அசைந்தது. "நலமா இருக்காக," என்றாள் அக்காள். சற்று நேரத்தில் இருமுறை. தளர்த்தினார்கள். பிறகு கயிறு அசைய ஆரம்பித்தது, நிற்கவில்லை.

நான் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. பதினான்கு வரை எண்ணியாயிற்று. பதினான்குக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லித் தரவில்லை.

"அது சேதி இல்லட்டி, அந்த மனுசன் நடுங்குதாரு! இழுங்க!" என்றாள் அக்காள்.

கொழுந்துக் கூடை சுமந்து பழகிய நாலு பேர் இழுத்தால் சின்னத்துரை என்ன, பெரியதுரையே வருவார். உதடு நீலம் பாய்ந்து, பல் கிடுகிடுவென்று ஆட, வாத்துக்கால் ஒன்றைக் காணாமல் கரை சேர்ந்தார். ஈர உடுப்பைக் கத்தரித்து எடுத்தேன். பெண்கள் தங்கள் கம்பளிகளையெல்லாம் கழற்றி அவர்மேல் போட்டுச் சுற்றி, உள்ளங்காலைத் தேய்த்தார்கள். பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வாயில் ஊற்றினோம். கொஞ்சம் தெளிந்ததும் கையை மட்டும் வெளியே நீட்டிக் குளத்தைக் காட்டினார். "வா! வா!" என்றார். "போ" இல்லை, உண்மையாகவே "வா"தான். இரண்டாவது கயிறு தண்ணீருக்குள்ளிருந்து விறைப்பாக நின்றிருந்தது.

ஆண்கள் இப்போது ஆலோசனையை நிறுத்திவிட்டு இழுத்தார்கள். வந்தது ஒரு தகரப்பெட்டி. பாசி படிந்திருந்தாலும் மேலே தோட்ட ஆபீஸின் பச்சைப் பெயின்ட்டும் நம்பரும் நன்றாகத் தெரிந்தன. அங்கே பேக்டரிப் பக்கம் குழாய் களகளவென்று பேச ஆரம்பித்தது.

"பழைய குப்பை," என்று பெரிய ரைட்டர் முன்னால் வந்தார். "ஆபீஸ் சாமான். நான் எடுத்துட்டுப் போறேன்."

அக்காள் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். "கஷ்டப்பட்டு எடுத்தவரு சொல்லட்டும்," என்றாள். கம்பளிக் குவியலுக்குள்ளிருந்து சின்னத்துரை தலையை ஆட்டினார். பூட்டை நெம்பித் திறந்தார்கள்.

அடியில் இரண்டு பெரிய எடைக்கற்கள். மேலே மெழுகுத்துணியில் சுற்றிக் கட்டுக் கட்டாகக் காகிதம். வெளிக்காகிதம் கூழாகியிருந்தாலும் உள்ளே பல நன்றாகவே இருந்தன. கூரை ஒழுகுகிறது. கக்கூஸுக்குக் கதவில்லை. கம்பளி வரவில்லை. ஒவ்வொன்றின் கீழும் பெருவிரல் ரேகை. ஒவ்வொன்றின் மேலும் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ரப்பர் முத்திரை. ஆபீஸ் வேலையில் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள். முத்திரை குத்தாமல் ஒரு காகிதத்தைக்கூட அவர் முக்கவில்லை.

"இது என் ரேகை," என்றாள் அக்காள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெருவிரலில் குறுக்கே கொழுந்துக் கத்தி வெட்டிய தழும்பு உண்டு. காகிதத்திலும் இருந்தது. இன்னொன்றிலும், அடுத்ததிலும்.

"மேலதான அனுப்பினேன்னீக?" என்று பெரிய ரைட்டரைக் கேட்டாள்.

"வெள்ளத்துல அடிச்சிட்டுப் போயிருக்கும்," என்றார் அவர். ஆபீஸ் குளத்துக்கு மேலே, வெள்ளம் எட்டாத மேட்டில் இருக்கிறது. எடைக்கல்லோடு பூட்டிய பெட்டி, இரண்டு வளைவு தாண்டி, தானே நீந்தி வந்து கம்பி வலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏன் எரிக்கவில்லை என்று எனக்கு அப்போதே ஒரு யோசனை. எரித்தால் புகை வரும். எங்கள் தோட்டத்தில்தான் புகை வந்தால் எல்லோரும் ஓடி வருவார்களே.

காகிதக் கட்டுகளின் நடுவே என் கையெழுத்தைப் பார்த்தேன். பிரசவ வலி வந்தவர்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்த நேரமும் தோட்டத்து ஜீப்பைத் தர வேண்டும் என்று நான் எழுதிய கடிதம். அதன்மேலும் நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது. நான் அதை எழுதியதற்கு அடுத்த மழைக்காலத்தில், இரண்டாம் லயத்துப் பெண்ணொருத்தியைக் கம்பளித் தூளியில் போட்டு நாலு மைல் இறக்கினோம். அவள் பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. அந்தப் பெண் இப்போது இடுப்புக் கயிற்றைப் பிடித்து நின்ற நால்வரில் ஒருத்தி. "என்ன எழுதியிருக்கு, நர்ஸம்மா?" என்று என் தோள்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள். இருநூறு பேருக்கு முன்னால் கடலட்டை வரைக்கும் மொழிபெயர்த்த எனக்கு அந்த ஐந்து வரியைப் படித்துச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் காகிதத்தை வாங்கி, ஈரம் போகத் தன் முந்தானையில் ஒற்றி, சின்னத்துரையின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

விசாரணை நடந்தது. குற்றம் தெளிவாக நிரூபணமானதால், பெரிய ரைட்டரை இன்னும் உயரத்திலுள்ள, இன்னும் பெரிய குவாட்டர்ஸுள்ள தோட்டத்துக்கு மாற்றினார்கள். கூரைகளுக்குத் தகரம் வந்தது. மூன்று லயங்களுக்குப் போதுமான அளவு வந்ததாகக் கணக்கு. ஒன்றரை லயத்தோடு தீர்ந்துபோனது, மீதிக்குத் தார் பூசினார்கள். ஜீப் விஷயத்தில் மட்டும் சின்னத்துரை தானே ஒரு உத்தரவு எழுதி டிரைவர் வீட்டுக் கதவில் ஒட்டினார். அந்தத் தாள் மஞ்சளாகிக் கிழிந்த பிறகும் ஜீப் வந்துகொண்டுதான் இருந்தது.

சின்னத்துரைக்கு நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் படுக்கை. ஊசி போடப் போன ஒருநாள், அந்தத் திருக்கை பறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருமினார். பிறகு உண்மையைச் சொன்னார். அந்தப் படங்கள் அவர் எடுத்தவையல்ல; தீவில் ஒரு கடையில் வாங்கியவை. அவர் கடலில் இறங்கியது இரண்டே தடவை, பத்தடி ஆழத்துக்கு. இரண்டாவது தடவை ஒரு ஆமை எதிரே வந்ததும் மேலே ஓடிவந்துவிட்டார்.

"அப்புறம் எந்த தைரியத்தில் சார் குளத்தில் இறங்கினீங்க?"

"எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்," என்றார். "கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சிஸ்டர். தடவித்தான் பெட்டியைக் கட்டினேன். கை நடுங்கி நாலு தடவை முடிச்சு நழுவிவிட்டது."

நாலு தடவை நழுவியும் ஐந்தாவது தடவை கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்வதை ஓரளவு குறைத்துக்கொண்டேன்.

பங்குனியில் வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரிடம் அந்த முகக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நானும் அக்காளும் குளத்தின் ஆழமில்லாத பக்கம் போனோம். முதலில் நான். என் புடவைத் தலைப்பை அக்காள் பிடித்துக்கொள்ள, முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். பச்சையாக ஒரு வெளிச்சம். கூழாங்கல், பாசி. விரல் நீளத்தில் ஏழெட்டு மீன்கள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, இது எதற்கும் உதவாது என்று முடிவுசெய்து திரும்பிப் போயின.

பிறகு அக்காள் மாட்டிக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன். வெகுநேரம் எழவில்லை. மூச்சு முட்டி எழுந்தவள் முகத்தில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள்.

"என்ன தெரிஞ்சுதுங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. மீனுதான். ஆனா உள்ள ஒரு சத்தம் இல்ல, நர்ஸம்மா. ஒருத்தரும் கூப்பிடல." மூக்கைச் சிந்திவிட்டுக் கண்ணாடியை மறுபடி இழுத்து மாட்டினாள். "கையை விட்டுறாதீக, இன்னொரு தரம் பாத்துக்கிடுதேன்."